பழைய காருக்குள் புதிய தொழில்நுட்பம்: மாடல் டி முதல் மெக்லாரன் எஃப்1 வரை

2018 மே 19. பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி – மேகன் திருமணம். அன்று மாலை வரவேற்புக்காக வின்ட்சர் கோட்டையிலிருந்து ஃப்ராக்மோர் மாளிகைக்கு இருவரும் ஒரு திறந்த காரில் கிளம்பினார்கள். வெள்ளி கலந்த நீல நிறம், நீண்ட மூக்கு, நம்பர் பிளேட்டில் அன்றைய தேதி. கார் ஆர்வம் கொஞ்சம் இருந்தாலே போதும், ஜாகுவார் இ-டைப் என்று சொல்லிவிடலாம். வீடியோவை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள். இ-டைப் கிளம்பும்போது வரவேண்டிய உறுமல் வராது. காரணம், அந்த நீண்ட பானட்டுக்கு அடியில் என்ஜினே கிடையாது.

ஜாகுவார் அதற்கு முந்தைய ஆண்டு, 2017 செப்டம்பரில் லண்டனில் காட்சிக்கு வைத்த 'இ-டைப் ஜீரோ' அது. 1968-ஆம் ஆண்டு ரோட்ஸ்டர் ஒன்றை எடுத்து, என்ஜினையும் கியர்பாக்ஸையும் இறக்கிவிட்டு, 40 கிலோவாட்-மணி பேட்டரியும் 220 கிலோவாட் மோட்டாரும் ஏற்றியிருந்தார்கள். 2018-லேயே இதை வாடிக்கையாளர்களுக்குச் செய்து தரப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த வருடம் ஃபிவா என்ற அமைப்பு, இம்மாதிரி மாற்றங்களைத் தன்னால் ஆதரிக்க முடியாது என்று அறிக்கை விட்டது. ஃபிவா என்பது 1966-ல் தொடங்கிய, பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு. பழைய கார்க்காரர்கள் மத்தியில் அதன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அப்போது தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு பக்கம், 'கார் ஓட்டத்தானே, அருங்காட்சியகத்தில் தூசி படியவா?' என்கிறார்கள். மறுபக்கம், 'இதயத்தைப் பிடுங்கிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது என்ன கார்?' என்கிறார்கள்.

இந்தச் சண்டையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. பழைய காரில் புதிய தொழில்நுட்பத்தை நுழைப்பது என்னவோ லித்தியம் பேட்டரி வந்தபிறகு தொடங்கிய பழக்கம் மாதிரியே இரண்டு தரப்பும் பேசுகின்றன. உண்மையில் இந்தப் பழக்கத்துக்குக் காரின் வயதில் முக்கால்வாசியாவது இருக்கும். அதைத் தேடிப் போனதில் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ஃபோர்டின் மாடல் டியிலிருந்து தொடங்குகிறேன். 1908 அக்டோபர் முதல் 1927 மே வரை சுமார் ஒன்றரைக் கோடி கார்கள். இன்றைக்கு ஒரு மாடல் டியைப் பார்த்தால் அதன் 'அசல்' நிலை எது என்று கேட்டுப்பாருங்கள், குழம்பிப்போவீர்கள். ஆரம்ப வருடங்களில் முன்விளக்கு அசிட்டிலின் வாயுவில் எரிந்தது. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு வாயு உண்டாக்கி, தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும். நம்ம ஊர்த் திருவிழாக் கடைகளில் எரிந்த கார்பைடு விளக்கு ஞாபகம் இருப்பவர்களுக்கு அந்த வாடை இப்போதே மூக்கில் ஏறும். 1915-ல் மின்விளக்கு வந்தது. ஆனால் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலில் பொருத்திய 16 காந்தங்களால் ஆன மேக்னெட்டோவிலிருந்து நேராக விளக்குக்கு ஒயர். ஆக, வேகமாகப் போனால் வெளிச்சம் பிரகாசம். இருட்டில் பயந்து மெதுவாகப் போனால் விளக்கும் மங்கிவிடும்! எந்த நேரத்தில் வெளிச்சம் வேண்டுமோ அந்த நேரத்தில் கிடைக்காது.

ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். முன்னால் நின்று ஹேண்டில் அடிக்க வேண்டும். ஸ்டியரிங்குக்கு அடியிலிருக்கும் ஸ்பார்க் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளி வைக்க மறந்தால், பொறி சீக்கிரமே விழுந்து என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். மணிக்கட்டு முறியும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடி, சுற்றிப் பிடிக்காதே என்று இன்றும் மாடல் டி ஓட்டக் கற்பவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 மாடல் கடிலாக்கிலேயே வந்துவிட்டது. விலையைக் குறைப்பதிலேயே குறியாக இருந்த ஃபோர்ட், அதை 1919 வரை மாடல் டிக்குள் விடவில்லை.

கம்பெனி தராததைச் சந்தை தந்தது. மாடல் டிக்கென்றே கூடுதல் பாகங்கள் விற்கும் பெரிய தொழில் உருவாகி, தபால் வழிக் கடைகளின் பட்டியல்களில் பக்கம் பக்கமாக அவை இடம்பிடித்தன. ஸ்டார்ட்டர், விளக்கு, கூடுதல் கியர் தரும் பின் ஆக்சில், காரை டிராக்டராக மாற்றும் செட் என்று எதைக் கேட்டாலும் உண்டு. விவசாயிகள் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். 1910-ல் வாங்கிய காரை 1920-ல் அதே நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்காது. பிற்காலத்தில் வந்த நாம்தான் அதைக் கேட்கிறோம்.

பிரேக் விஷயம் இன்னும் சுவாரசியம். மாடல் டியின் கால் பிரேக் சக்கரத்தில் பிடிக்காது, கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு டிரம்மைத்தான் பிடிக்கும். கியர்பெட்டிக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே எது அறுந்தாலும் பிரேக் போச்சு. வெளிச்சந்தையில் வாங்கிய கூடுதல் கியர்பெட்டியை மாட்டிக்கொண்டு, இறக்கத்தில் அது நியூட்ரலில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பின்சக்கரங்களுக்குத் தனி பிரேக் போட்டுக்கொள்ளும் வழக்கம் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. இன்று மாடல் டியில் டிஸ்க் பிரேக் மாட்டுபவரை 'வரலாற்றைக் கெடுக்கிறார்' என்று திட்டுவதற்குமுன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் செய்வது நூறு வருஷப் பழக்கத்தின் தொடர்ச்சி.

அடுத்து பற்றவைப்புக்கு வருகிறேன். கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிய தொழில்நுட்பம் அதிகச் சச்சரவில்லாமல் உள்ளே நுழைந்த இடம் இதுதான்.

அம்பாசடர், பத்மினி காலத்து ஆட்களுக்கு 'பாயிண்ட்ஸ்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காக: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு கேம் சுற்றும். அது சுற்றச் சுற்ற இரண்டு உலோகத் தொடுமுனைகள் திறந்து திறந்து மூடும். மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் ஓடும். திறந்த கணத்தில் அது அறுபட, இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி ஸ்பார்க் பிளக்கில் பொறியாக விழும். இந்த அமைப்பும் அதே கெட்டரிங்கின் கைவேலைதான், 1910 மாடல் கடிலாக்கில் வந்தது. கிட்டத்தட்ட அறுபது வருடம் உலகின் பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் இதை நம்பியே ஓடின.

கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். இ-டைப்பின் ஆறு சிலிண்டர் என்ஜினுக்கு ஒரு சுற்றுக்கு மூன்று பொறி வேண்டும். நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் 15,000 பொறி, அதாவது வினாடிக்கு 250 முறை அந்தச் சின்ன உலோகக் கை திறந்து மூட வேண்டும். தேயாமல் என்ன செய்யும்? முனைகள் கருகும், குழி விழும். கேமில் உரசும் குதி தேயத் தேய இடைவெளி குறையும், பொறி விழும் நேரம் தள்ளிப்போகும். அதனால்தான் மெக்கானிக்குகள் சட்டைப்பையில் ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் பின்னாளில் வந்து உட்கார்ந்தது எலக்ட்ரானிக் இக்னிஷன். சுழலும் தண்டில் காந்தங்கள் பதித்த ஒரு வளையம், பக்கத்தில் ஹால் விளைவில் இயங்கும் ஒரு சென்சார், மின்சாரத்தை அறுக்க ஒரு டிரான்சிஸ்டர். தேய்வதற்கு எதுவும் இல்லை. மூடியைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, காயிலுக்குப் போகும் ஒயர் ஒன்றுக்குப் பதில் இரண்டாக இருப்பதைத் தவிர. 'நவீனம்' என்று நாம் சொல்லும் இந்தச் சென்சாரின் அடிப்படையை எட்வின் ஹால் கண்டுபிடித்தது 1879-ல். கார்ல் பென்ஸ் தன் காருக்குக் காப்புரிமை கேட்டது 1886-ல். அதாவது அந்த விளைவு காரைவிட ஏழு வயது மூத்தது!

ஒரு எச்சரிக்கை மட்டும். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைக்கப்பட்டிருக்கும். முதல் 3.8 லிட்டர் இ-டைப்களும் அப்படித்தான். நெகட்டிவ் எர்த்துக்கென்று செய்த மாட்யூலை அதில் கொடுத்தால் சாவியைத் திருப்பிய கணத்தில் கதை முடிந்தது. இரண்டு வகைக்கும் தனித்தனி மாட்யூல் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

மாடல் டிக்கே இன்று இப்படி ஒன்று உண்டு. மரப்பெட்டியில் நான்கு காயில்கள் ரீங்கரிக்கும் பழைய அமைப்பை அப்படியே விட்டுவிட்டு, எந்தக் காயில் எப்போது வேலைசெய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் முடிவுசெய்யும். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். ரீங்காரம் அதே ரீங்காரம்.

இப்போது திரும்ப ஜீரோவுக்குப் போகலாம். எலக்ட்ரானிக் இக்னிஷனை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்பவர்கள் மின்மோட்டாரைக் கண்டதும் ஏன் கொதிக்கிறார்கள்? 'பெட்ரோல் வாசனை இல்லை' என்ற ஏக்கம் மட்டும்தான் காரணம் என்று முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த என்ஜினின் பின்னணியைப் பார்த்தால் வேறொன்று புரியும். ஜாகுவாரின் எக்ஸ்கே என்ஜின் பிறந்தது இரண்டாம் உலகப் போரின் நடுவே. கவென்ட்ரி நகரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஆலையில் இரவுக் காவல் இருந்த பொறியாளர்கள் – ஹெய்ன்ஸ், ஹசன், பெய்லி – முதலாளி வில்லியம் லயன்ஸுடன் உட்கார்ந்து போருக்குப் பிறகு செய்யப்போகும் என்ஜினைப் பற்றிப் பேசினார்கள். 1948-ல் எக்ஸ்கே120 காரில் அது வெளியே வந்தது. 1951-க்கும் 1957-க்கும் இடையே லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை ஐந்துமுறை வென்ற ஜாகுவார்களுக்குள் இருந்தது இதே குடும்பத்து என்ஜின். 1961-ல் இ-டைப்புக்கு வந்து, கடைசியாக 1992 வரை உற்பத்தியில் இருந்தது. இ-டைப்பின் பானட் அவ்வளவு நீளமாக இருப்பதே இந்த நீளமான ஆறு சிலிண்டருக்காகத்தான். அதாவது அந்த அழகுக்குக் காரணமே அந்த என்ஜின். மோட்டாரைப் போட்டால் பானட் எதற்கு நீளமாக இருக்கிறது என்ற கேள்விக்குக் காருக்குள் பதில் இருக்காது.

ஜாகுவாரின் பொறியாளர்களும் இதை உணராதவர்கள் இல்லை. பேட்டரிப் பெட்டியைப் பழைய என்ஜினின் அளவிலும் கிட்டத்தட்ட அதே எடையிலும் செய்து அதே இடத்தில் வைத்தார்கள். மோட்டார், கியர்பாக்ஸ் இருந்த இடத்தில். எடை பெரிதாக மாறாததால் சஸ்பென்ஷனிலும் பிரேக்கிலும் கைவைக்கவில்லை. வேண்டுமானால் பழைய என்ஜினைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்பதையே தங்கள் வாதமாக வைத்தார்கள். பாராட்டத்தக்க கவனம். ஆனாலும் 2019 இறுதியில் அந்தத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

ஃபிவாவின் அறிக்கையும் நாம் நினைப்பதுபோல் வெறும் தடையுத்தரவு அல்ல. உங்கள் கார், உங்கள் விருப்பம், ஆனால் மோட்டார் போட்டபிறகு அதை வரலாற்று வாகனம் என்று எங்களால் சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறது. மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய விதத்தில் மாற்றுங்கள், கழற்றிய பாகங்களுக்கு அடையாளமிட்டுப் பத்திரமாக வையுங்கள் என்கிறது. இதற்கு வேர் அவர்களுடைய டூரின் சாசனம். பழைய கட்டடங்களையும் நினைவுச்சின்னங்களையும் பாதுகாக்க 1964-ல் உருவான வெனிஸ் சாசனத்தின் வழியில், கார்களுக்காக 2012-ல் ஏற்றுக்கொண்ட ஆவணம் அது. புதிதாகச் செய்து பொருத்திய பாகத்தில் அது புதியதுதான் என்று தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும் என்பதும் அதிலுள்ள நெறி.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது புதுசாகவே படவில்லை. மாற்று, ஆனால் என்ன மாற்றினாய் என்று குறித்துவை, முந்தைய பதிப்பை அழிக்காதே. நாங்கள் தினமும் செய்வதே இதுதானே. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தகராறு பாதி தீர்ந்துவிடும். எலக்ட்ரானிக் இக்னிஷனை அரை மணிநேரத்தில் கழற்றிவிட்டுப் பழைய பாயிண்ட்ஸைப் போடலாம். கவனமாகச் செய்த மின்மோட்டார் மாற்றமும், என்ஜின் ஷெட்டில் பத்திரமாக இருந்தால், திருத்தக்கூடியதுதான். ஆனால் பேட்டரிக்கு இடம்செய்ய சேசிஸை அறுத்தவர், என்ஜினைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டவர் – இவர்கள் அழித்தது திரும்பாது. மோட்டாரா பெட்ரோலா என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

தொழில்நுட்பம் காருக்குள் நுழையாமல் பட்டறையில் நின்றுகொண்டே உதவுவதும் உண்டு. 1914-ஆம் ஆண்டு டெலாஜ் பந்தயக் கார் ஒன்றின் என்ஜின் பிளாக் பழுதானபோது, ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அதை ஸ்கேன் செய்து, மணல் அச்சை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்தது. அந்த அச்சில் இரும்பை உருக்கி ஊற்றியதென்னவோ பழைய முறையில்தான். போர்ஷே 959 மொத்தமே 292 கார்கள்தான் செய்யப்பட்டன. அதன் கிளட்ச் நெம்புகோலுக்காக வார்ப்பு அச்சு செய்வது கட்டுப்படியாகாது என்று, 2018 வாக்கில் எஃகுத் தூளை லேசரால் உருக்கி ஒவ்வொன்றாகச் செய்துகொடுக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்க நகைச்சுவையாளர் ஜே லெனோ தன் பழைய நீராவிக் காரின் பாகத்தை ஸ்கேன் செய்து அச்சிட்டுக்கொண்ட கதை 2009-லேயே வந்துவிட்டது. இந்த வகைக்கு யாரும் சண்டை போடுவதில்லை, அதனால் நானும் நகர்கிறேன்.

நான் உண்மையில் கவலைப்படும் இடம் வேறு. என் தொழில் சம்பந்தப்பட்டது.

மெக்லாரன் எஃப்1. 1992-ல் அறிமுகம், 1998-ல் உற்பத்தி நிறுத்தம், பந்தய வண்டிகளையும் சேர்த்து மொத்தம் 106. கார்பன் ஃபைபர் உடல், தங்கத் தகடு ஒட்டிய என்ஜின் அறை, நடுவில் ஓட்டுநர் இருக்கை. காரின் கணினியைத் தொலைவிலிருந்தே சோதிக்க ஒரு மோடம்கூட உண்டு. இன்று ஏலத்துக்கு வந்தால் பல மில்லியன் டாலர். இந்தக் காரை சர்வீஸ் செய்ய என்ன வேண்டும் தெரியுமா? காம்பாக் எல்.டி.இ. 5280 என்ற, தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு மடிக்கணினி. காரோடு பேசும் மென்பொருள் டாஸில் ஓடுவது. அதற்கென்றே செய்த ஒரு தனி அட்டை அந்த மடிக்கணினியில்தான் பொருந்தும். 2016-ல் இந்தச் செய்தி வெளியே வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனியே அந்தப் பழைய காம்பாக்குகளைத் தேடிப்பிடித்து வாங்கிக்கொண்டிருந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடல் டி பழுதானால் பார்த்தாலே தெரியும். தேய்ந்ததை அளக்கலாம், அளந்ததை அறுத்துச் செய்யலாம். காரே தன்னைப் பற்றிய ஆவணம். 1979-ல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் வந்ததிலிருந்து இந்த வசதி போய்விட்டது. எரிபொருள் எவ்வளவு, பொறி எப்போது என்ற முடிவுகள் ஒரு இபிராம் சில்லுக்குள் எண்களாகப் போய் உட்கார்ந்துவிட்டன. அந்தக் காலத்து வழக்கமான சில்லு ஒன்றின் கொள்ளளவு 32 கிலோபைட், அதாவது இந்தக் கட்டுரையைவிடச் சிறியது. எண்கள் அதில் நிற்பது சிறைப்பட்ட மின்னூட்டமாக. அது மிக மெதுவாகக் கசியும். சில்லின் மேலுள்ள கண்ணாடிச் சன்னலில் புற ஊதா ஒளி பட்டால் அழியும், அதை மறைக்கத்தான் மேலே ஒரு ஸ்டிக்கர். பக்கத்திலிருக்கும் மின்தேக்கிகள் வயதானால் ஒழுகி, பலகையின் செம்புத் தடங்களை அரிக்கும். சுத்தமாகத் துடைத்து மூடிவைத்த காரிலும் இது நடக்கும்.

ஆக, தொண்ணூறுகளின் கார்களைப் பொறுத்தவரை நவீன தொழில்நுட்பத்தைச் சேர்க்கலாமா கூடாதா என்ற கேள்விக்கே இடமில்லை. சேர்த்துத்தான் ஆக வேண்டும். சில்லு செத்தால் இரண்டு வழி: அசல் எண்களின் நகல் இருந்தால் புதுச் சில்லில் எழுதிப் போடலாம், கார் முன்போலவே ஓடும். நகல் இல்லையென்றால் சந்தையில் கிடைக்கும் பொதுவான இ.சி.யு. ஒன்றை மாட்டி, எல்லா எண்களையும் புதிதாக ஊகித்து நிரப்ப வேண்டும். அப்போதும் என்ஜின் ஓடும். ஆனால் அந்த என்ஜினை அதன் பொறியாளர்கள் எப்படி ஓட வைத்தார்கள் என்பது போய்விடும். ஜீரோவில் நடந்ததற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என்ன, இதில் வெளியே எதுவும் தெரியாது, யாரும் அறிக்கை விடமாட்டார்கள்.

நகல் எடுப்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சில்லைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து, சில ஆயிரம் ரூபாய் இபிராம் ரீடரில் வைத்தால் சில வினாடி வேலை. சிக்கல் சட்டத்தில் இருந்தது. அமெரிக்காவில் வாகன மென்பொருளின் பூட்டைத் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகக் கருதப்பட்டு, 2015-ல்தான் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் உரிமையாளருக்கு விலக்கு கிடைத்தது. அதையும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

நம் நாட்டில் 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள். பத்து வருடத்துக்குச் செல்லும். சேசிஸ், பாடி, என்ஜின் என்ற இந்தப் பட்டியல் பழைய மோரிஸ்களுக்கும் ஃபியட்டுகளுக்கும் போதுமானது. ஆனால் 2000-ஆம் ஆண்டையொட்டி, பின்கதவில் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகளை ஒட்டிக்கொண்டு நம் சாலைகளுக்கு வந்த கார்கள் இந்த விதிப்படி 2050 வாக்கில் வின்டேஜ் ஆகும். அவற்றின் இ.சி.யு.வில் இருக்கும் எண்களை இப்போதே யாராவது படித்து வைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.